ஒரு டிகிரிக்கு வெற்றி இல்லை

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருப்பதால், பங்குனி வெயில் ஏறியதும் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரருக்கு ஓய்வு குறைந்துவிடும். மாணவர்கள் தூக்கிவரும் சிபியுக்களில் பலவற்றுக்கும் வியாதி ஒன்றுதான், சூடு. நான் பார்க்கப் போன இளைஞர் பகலில் அவற்றைச் சரிசெய்கிறார். இரவில், சொந்த ஆர்வத்தில், பிராசஸர் கூலர்களைச் சோதித்து நோட்டில் எழுதுகிறார்.

மேசையில் பெட்டியில்லாமல் ஒரு மதர்போர்டு. ஃபேன் காற்றை இழுக்கும் பக்கத்தில், சூட்டை அளக்கும் தெர்மோகப்புள் கம்பி தொங்கியது. “ஏசி ரூம்ல வெச்சு 62 டிகிரின்னு போடுவாங்க சார். நம்ம ஊரு மே மாசத்துல அதே கூலர் 75 காட்டும். கூலர் கெட்டுப்போச்சுன்னா அர்த்தம்?” என்றார். அதனால் பிராசஸரின் சூட்டிலிருந்து காற்றின் சூட்டைக் கழித்துத்தான் எழுதுகிறார். 150 வாட்டில் காற்றைவிட 45 டிகிரி ஏறினால், வாட்டுக்கு 0.3 டிகிரி. வாட்டையும் மாறாமல் நிறுத்த வேண்டும். இப்போதைய பிராசஸர்கள் குளிர்ச்சி கிடைத்தால் வேகத்தைக் கூட்டும். 100 டிகிரியை நெருங்கினால் குறைக்கும். அப்படியே விட்டால் நல்லதும் மட்டமும் ஒரே எண்ணைக் காட்டிவிடும்.

கருவியையும் அவர் சும்மா நம்புவதில்லை. சாதாரண கே வகை தெர்மோகப்புள் 2.2 டிகிரி வரை கூடவோ குறையவோ காட்டலாம். உருகும் ஐஸிலும் கொதிக்கும் தண்ணீரிலும் வைத்துச் சரிபார்க்கிறார். காஞ்சிபுரம் கடல்மட்டத்துக்குச் சுமார் 83 மீட்டர் மேலே இருப்பதால், இங்கே தண்ணீர் கொதிப்பது ஏறக்குறைய 99.7 டிகிரியில். அந்த 0.3 குறைவையும் நோட்டில் கண்டபோது தம்பிமேல் எனக்கு மரியாதை கூடியது.

நேரத்தைத் தின்பது, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே வைக்கும் தெர்மல் பேஸ்ட். கூலரைக் கழற்றி, பழைய பேஸ்டைத் துடைத்து, புதிதாக வைத்து, ஸ்குருக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி மறுபடி மாட்டுகிறார். பேஸ்ட் பரவுவதும் ஸ்குரு அழுத்துவதும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல அமையாது. ஒரே கூலர் முதலில் 44 காட்டியது, அடுத்து 46, பிறகு 43.

“இதுல 43 மட்டும் எழுதினா பொய் சார்.”

மூன்றையும் எழுதினார். இரண்டு கூலர்களுக்கு நடுவே ஒரு டிகிரிதான் வித்தியாசம் என்றால் எதையும் ஜெயித்ததாக அவர் எழுதுவதில்லை. நண்பர்களுக்கு அது சப்பென்றிருக்கிறதாம். இருக்கட்டும், கழற்றி மாட்டினாலே மூன்று டிகிரி ஆடும்போது, ஒரு டிகிரியை வைத்துப் பட்டம் கட்டுவது வாங்குபவரை ஏமாற்றுவதே. வியாபாரி ஒருவர் சும்மா கொடுத்த கூலருக்கு நேராக ‘இனாம்’ என்று எழுதியிருந்தார். மற்றவற்றுக்கு நேராக, கொடுத்த விலை.

ஜரிகையை உரசிப் பார்த்துப் பட்டு எடுக்கும் பக்கம் இது. கூலருக்கும் அந்தக் கறார் வேண்டும். யாராவது ஒரு எண்ணைக் காட்டி வாங்கச் சொன்னால், அறை எவ்வளவு சூடு, எத்தனை வாட், எத்தனை முறை கழற்றி மாட்டினார்கள், கூலர் யார் காசில் வந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.