சிவராத்திரிக்கு முன் ரேஞ்சர் ஆபீஸுக்கு

மாசி சிவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போதே பெரியவர் டி.வி.எஸ். வண்டியை எடுத்துக்கொண்டு ரேஞ்சர் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். "நம்ம சாமியைக் கும்பிட ஆபீஸ்ல போய் எதுக்குக் கேக்கணும்?" என்று இந்த முறை வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. போன வருடம் வரை சொன்னவர்கள்தான். பெரியவரும் அப்படிச் சொன்னவர்தான்.

தேனி மாவட்டத்தில் மலையை ஒட்டிய ஊர். மூன்று ஏக்கர், கிணற்றுப் பாசனம். ஐப்பசியில் மக்காச்சோளம் போட்டால் மாசியில் கதிர் ஒடிப்பார். குலதெய்வம் காட்டுக்குள், ஓடைக்கரையில் இருக்கிறது. தென்மாவட்டங்களில் மாசி சிவராத்திரி என்றாலே குலதெய்வத்துக்கான நாள். திருப்பூர், கோயம்புத்தூர் என்று பிழைக்கப் போன பங்காளிகள் எல்லாம் அன்றைக்கு ஊர் திரும்புவார்கள். பானை, பச்சரிசி, வெல்லம், விறகு எல்லாம் வேனில் ஏறும். ஆனால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, இரண்டு மாதம் வெயில் காய்ந்து, மலைச்சரிவில் ஆளுயரப் புல் வைக்கோலாக நிற்பதும் இதே மாசியில்தான்.

போன வருடம் செக்போஸ்ட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர் வேனை நிறுத்தினார். பக்கத்து ஊர்ப் பையன்தான். "சாமி கும்பிட்டுட்டு மூணு மணிக்குள்ள இறங்கிருங்கய்யா. அடுப்பு மட்டும் பத்த வைக்கக் கூடாது. ஒரு வாரமா மேல எரியுது" என்று சொல்லி, விறகை இறக்கி வைத்துக்கொண்டார். அப்படி ஒரு தடை இருப்பது பெரியவருக்கு அதுவரை தெரியாது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும். இருபது பேருக்கு மாற்றுச் சாப்பாடும் எடுத்து வரவில்லை. அரிசிப் பைக்குள் தீப்பெட்டி இருந்தது. காட்டுக்குள் சுள்ளிக்கா பஞ்சம்?

"நாலு கல்லு, ஒரு பானை. இதுல என்ன சித்தப்பா காடு எரிஞ்சுரப் போகுது?" என்றான் திருப்பூரிலிருந்து வந்த அண்ணன் மகன். பிள்ளைகள் பசி என்று சிணுங்கின. ஓடை மணலில்தானே என்று பெரியவரும் தலையாட்டிவிட்டார்.

மணலில் வைத்த தீ மணலிலேயே இருந்திருக்கும், காற்று சும்மா இருந்திருந்தால். மலையில் காலையில் ஒரு காற்று, உச்சிப் பொழுதில் வேறு காற்று. வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகி, காற்று பள்ளத்திலிருந்து மேட்டைப் பார்த்து இழுக்கும். அப்படி இழுத்த காற்றில் எரிந்த சருகு ஒன்று பறந்துபோய்க் கரைப்புல்லில் விழுந்தது. பானையில் பால் பொங்கியதை எல்லோரும் பார்த்துக் குலவையிட்டுக்கொண்டிருந்த நேரம். புல் பற்றியதைப் பார்த்தது ஒரு சின்னப் பெண் மட்டும்தான்.

பொங்கல் பானையையே தூக்கி ஊற்றினார்கள். பச்சைத் தழையை ஒடித்து அடித்தார்கள். குடிதண்ணீர்க் குடம் இரண்டும் காலி. முப்பது அடி அகலத்துக்குக் கரி. அதற்கு மேலே பாறைத் திட்டு இருந்ததால் தீ நின்றது. அவர்கள் அணைத்ததால் நின்றது என்று சொல்ல முடியாது. பெரியவருக்கு வலது கையில் கொப்புளம். புகையைப் பார்த்துக் காவலர் ஓடி வந்து சேர்ந்தபோது யாருக்கும் பேச வாய் வரவில்லை. வழக்கு, அபராதம், கையெழுத்துப் போட மூன்று தடவை ஆபீஸுக்கு அலைச்சல். அதெல்லாம் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. புல் பற்றிய இடத்துக்கும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த மேட்டுக்கும் நடுவே எத்தனை எட்டு என்று பல நாள் படுக்கையில் எண்ணிக்கொண்டிருந்தார்.

மேட்டில் உட்கார்ந்திருந்ததுதான் ஆபத்து. சமதளத்தில் ஆள் ஓடித் தப்பலாம். சரிவில் தீயின் நாக்கு மேலே உள்ள புல்லைத் தொடுவதற்கு முன்பே காய வைத்துவிடுகிறது. சரிவு 10 டிகிரி கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் உள்ளவர்களின் கணக்கு. மேல்நோக்கி ஓடும் மனிதனோ பாதி வேகத்தில்தான் ஓடுவான். 2018 மார்ச் 11-ல் போடிக்கு மேலே குரங்கணி மலையில் நடந்ததைத் தேனிக்காரர்கள் மறக்க முடியாது. மலையேற வந்த இளம் பிள்ளைகள் காய்ந்த புல் சரிவில் தீக்கு நடுவே சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலில் ஓடிப்போய்த் தூக்கி வந்தவர்களில் உள்ளூர் விவசாயிகளும் தொழிலாளிகளும் இருந்தார்கள். எந்தத் தடத்துக்கு அனுமதி, யார் கொடுத்தது என்பதெல்லாம் பிறகு விசாரணையில் பேசப்பட்டது. அதன் பின்தான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. இப்போது அரசு நடத்தும் மலையேற்றத் தடங்களே தீக்காலத்தில் மூடப்படுகின்றன. 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தார்கள்.

ரேஞ்சர் ஆபீஸில் இந்த முறை பெரியவர் கேட்டது மூன்றே விஷயம். அன்றைக்கு உள்ளே விடுவார்களா? அடுப்பு மூட்ட அனுமதி உண்டா? எத்தனை மணிக்குள் இறங்க வேண்டும்? வனவர் பொறுமையாகவே சொன்னார். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதும், தீயைக் கொண்டு போவதும், காட்டுக்கு ஆபத்து வரும்படி எரிய விட்டுப் போவதும் 1882-ஆம் வருடத்துத் தமிழ்நாடு வனச் சட்டத்திலேயே குற்றம். சரணாலயமாக இருந்தால் 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். "தரிசனத்துக்கு இப்போதைக்குத் தடை இல்லை. ஆனா இன்னைக்குச் சொன்னது அன்னைக்கு மாறலாம். மேல தீ வந்தா மூடிருவோம். முந்தின நாள் சாயங்காலம் ஒரு போன் போட்டுட்டு வாங்க" என்றார். வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவிப்புப் படத்தை நம்ப வேண்டாம், அதில் பாதி போன வருடத்தது என்றும் சொன்னார். அது மெத்தச் சரி. சதுரகிரிக்குப் போகிறவர்களுக்கும் இந்த அனுபவம் உண்டு. மழையோ தீயோ வந்தால் அறிவிப்பு ஒரே நாளில் மாறிவிடும்.

எழுந்து வரும்போது பெரியவர் இன்னொன்றையும் கேட்டார். தோட்டத்தில் நிற்கும் மக்காச்சோளத் தட்டையை எரிக்கலாமா? தோட்டத்துக்கும் வனத்துறைக் கல்லுக்கும் நடுவே வறண்ட ஓடை ஒன்றுதான் இருக்கிறது. வனவர் சிரிக்கவில்லை. பட்டா நிலத்தில் வைத்த தீ கல்லைத் தாண்டினால் வைத்தவர்தான் பொறுப்பு என்றார்.

தட்டையை எரித்தால் படைப்புழு ஒழியும் என்று அந்தப் பக்கம் பலரும் நம்புகிறார்கள். ஒழியாது. படைப்புழு கூட்டுப்புழுவாவது மண்ணுக்குள் 2 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்தில். மேலே இரண்டு நிமிடம் எரியும் தட்டையின் சூடு அதுவரை இறங்குவதில்லை. உழுது புரட்டிவிட்டால் கூட்டுப்புழு வெளியே வரும். வெயிலும் கொக்கும் மைனாவும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். மாட்டுக்குப் போக மிஞ்சிய தட்டையை ரோட்டவேட்டர் ஓட்டி மண்ணிலேயே மடக்கலாம். குவித்து மக்க வைப்பதானால், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோ மினரலைசர் ஒரு டன் கழிவுக்கு 2 கிலோ வீதம் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். ரோட்டவேட்டர் வாடகை இருக்கிறதே என்றால், இருக்கிறதுதான். அபராதம் கட்டிய ரசீதைப் பெரியவர் இன்னும் அலமாரியில்தான் வைத்திருக்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு டிராக்டர்காரரைக் கூப்பிட்டார்.

வீட்டில் பேசி முடிவு செய்தார்கள். பொங்கல் கிணற்றடியில். சுற்றிலும் பத்தடிக்குப் புல் செதுக்கி, பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் வைத்து, விடிவதற்கு முன் பொங்கி, இறக்கியதும் அடுப்பில் தண்ணீர் ஊற்றிக் கங்கைக் கிளறி அணைத்துவிட்டு மலைக்குக் கிளம்புவது. பெரியவர் சம்சாரத்துக்கு மட்டும் கொஞ்சம் மனக்குறை. சாமி முன்னால் பால் பொங்காமல் என்ன பொங்கல் என்றார். பூசாரியிடம் கேட்டதற்கு, போன வருடம் கரைக்கு ஊற்றிய பொங்கலையே சாமி ஏற்றுக்கொண்டது, கிணற்றடிப் பொங்கலுக்கா குறை சொல்லப் போகிறது என்றாராம்.

முந்தின நாள் சாயங்காலம் வனவருக்குப் போன் போட்டாயிற்று. வழி திறந்திருந்தது. கையோடு திருப்பூரிலிருந்தும் போன் வந்தது.

"சித்தப்பா, வேன்ல வர்றோம். விறகு ரெண்டு கட்டு வாங்கிப் போட்டுக்கிறவா?"

"விறகெல்லாம் வேண்டாம்ப்பா. ரெண்டு பெரிய தூக்குவாளி இருந்தா எடுத்துட்டு வா."