முன்னால் படித்தவர்கள்

மலேசியாவில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பாடநூலின் முன்னட்டைக்குள் இருக்கும் அந்த முத்திரை ஞாபகம் இருக்கும். வருடம், பெயர், வகுப்பு என்று கட்டம் போட்டிருக்கும். பாடநூல் இரவல் திட்டம் 1975-இல் வசதி குறைந்த மாணவர்களுக்காகத் தொடங்கியது; 2008 முதல் வருமானம் பார்க்காமல் எல்லாருக்கும் என்றானது. எனக்கு வந்த புத்தகங்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்கள் ஏற்கெனவே இருக்கும். பதினொரு வருடப் பள்ளிப் படிப்பில் பயிற்சி நூல்களுக்குத்தான் அப்பா காசு கொடுத்தார். பாடநூல் என்பது கடையில் வாங்குகிற பொருள் என்பதே, எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோதுதான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது.

அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பாட்டி அங்கே பால்மரம் வெட்டினார். லயத்திலேயே ஓர் இரவல் திட்டம் நடந்தது என்பார் அப்பா. "மேட்டு லயத்து அண்ணன் பாஸ் பண்ணிட்டா அவரு புத்தகம் நம்ம வீட்டுக்கு வந்துரும். கேக்கக்கூட வேணாம்." பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள். வேலை குறைந்தது, லயங்கள் காலியாயின, குடும்பம் ஈப்போவில் மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தது. மேல்மாடியில் யார் என்ன படிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எதை வாங்குவது, எதை விடுவது என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை.

பொறியியல் முதல் பருவத்தில் ஐந்து பாடத்துக்கு ஐந்து புத்தகம் சொன்னார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய நூறு வெள்ளி. அப்போது தீபகற்பத்தில் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 900 வெள்ளிதான். அரசு புத்தகப் பற்றுச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தது. 2012-இல் 200 வெள்ளியாக இருந்து அடுத்த ஆண்டு 250 ஆனது. வருடத்துக்கு இரண்டு புத்தகம், மிச்சத்துக்கு ஏ4 தாளும் பேனாவும். அவ்வளவுதான் வரும்.

சிக்கன வழிகளை ஒவ்வொன்றாகக் கற்றோம். முதலாவது பழைய பதிப்பு. ஹிப்பலரின் ஸ்டாட்டிக்ஸ் மாதிரியான நூல்களில் புதுப் பதிப்பு வந்தாலும் நியூட்டனின் விதிகள் மாறிவிடுவதில்லை. கணக்குகளும் அவற்றின் எண்களும்தான் மாறும். நூலகத்தில் இருக்கும் புதுப் பதிப்பிலிருந்து வீட்டுப்பாடக் கணக்குகளை மட்டும் குறித்துக்கொண்டால் பாதி விலைப் புத்தகம் போதும். இரண்டாவது, முதல் மூன்று வாரம் எதையும் வாங்காமல் இருப்பது. சில விரிவுரையாளர்கள் பருவம் முடியும்வரை ஸ்லைடைத் தாண்ட மாட்டார்கள். மூன்றாவது, நூலகத்தின் குறுகிய நேர இரவல் பிரதி. மூடும் நேரத்தில் எடுத்துக் காலையில் திருப்பிக் கொடுத்தால் ஒரு ராத்திரி முழுக்க நம்முடையது.

நாம் வாங்குவது ஆசியப் பதிப்பு. அமெரிக்காவில் விற்பதைவிட மலிவு. அங்கே கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த சுபாப் கிர்ட்சேங் என்ற தாய்லாந்து மாணவர், உறவினர்கள் மூலம் தாய்லாந்திலிருந்து இந்தப் பதிப்புகளை வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். வைலி பதிப்பகம் வழக்குப் போட்டது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த விலை வித்தியாசத்தில் ஒருவர் வியாபாரமே செய்ய முடிந்திருக்கிறது. ஆனால் அவர்களுக்கு மலிவாகத் தெரிந்த அந்த விலை, செம்பனைக் காட்டுச் சம்பளத்துக்கு மலிவு இல்லை.

போட்டோஸ்டேட் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. டெல்லி பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு நகலகத்தின் மேல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. பாடத்துக்குத் தேவையான பகுதிகளைத் தொகுத்து நகலெடுப்பது கல்விக்கான விலக்கில் அடங்கும் என்று 2016-இல் உயர்நீதிமன்றம் சொன்னது. அது இந்தியச் சட்டம். இங்கே 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. முழுப் புத்தகத்தையும் நகலெடுத்து விற்பது குற்றம்.

என்னோடு படித்த ஒருத்தி கோலகங்சார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள். முதல் பருவம் முழுக்கப் புத்தகமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள் என்பது எங்களுக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. "யாருகிட்ட கேக்குறது? எல்லாரும் ஏற்கெனவே கேங்கா இருந்தீங்க," என்றாள். அடுத்த பருவங்களில் எங்கள் எல்லாரையும் தாண்டிப் போனாள். ஆனால் முதல் பருவத்துப் புள்ளிகள் கடைசிவரை கூடவே வந்தன. முதல் வகுப்பு நூலிழையில் தவறியது. அப்போது முதல் வகுப்பில் தேறினால் பிடிபிடிஎன் கடனைத் திரும்பக் கட்டுவதிலிருந்து விலக்கு இருந்தது. அவள் இன்னும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறாள். புத்தகம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், அவளும் சொல்வதில்லை. ஆனாலும் ஐந்நூறு வெள்ளிப் புத்தகங்களையும் ஆயிரக்கணக்கில் நிற்கும் அந்தக் கடனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

இரண்டாம் ஆண்டில் ஏழு பேர் சேர்ந்தோம். ஆளுக்கு ஒரு புத்தகம் வாங்கிச் சுற்றுக்கு விட்டோம். படித்து முடித்ததும் விற்றால் பாதிக் காசு வரும். இரண்டு பேர் விற்றார்கள், அவர்களுக்குத் தேவை இருந்தது. மற்றதைப் பெட்டியில் போட்டு ஜூனியர்களிடம் கொடுத்தோம். அட்டைக்குள் பெயரோடு கைப்பேசி எண்ணையும் எழுதச் சொன்னது அவள்தான்.

இப்போது டெலிகிராமில் எல்லாமே கிடைக்கிறது. "அண்ணே, பிடிஎஃப் இருக்கு, பெட்டி வேணாம்" என்கிறார்கள். காசு மிச்சந்தான். ஆனால் பெட்டியை வாங்க வந்தவர்கள் வெறும் புத்தகத்தோடு திரும்பியதில்லை. எந்த அத்தியாயத்தை விடலாம், உபகாரச் சம்பளத்துக்கு எப்போது மனுப்போடுவது, ஃபெயிலானால் என்ன செய்வது என்று ஒரு மணி நேரம் நின்று கேட்டார்கள். பிடிஎஃப் எடுப்பவர்கள் யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

உங்கள் தாமானில் இந்த வருடம் யாருக்காவது இடம் கிடைத்திருந்தால் வாழ்த்துச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். எந்தப் பல்கலைக்கழகம், என்ன துறை என்று கேளுங்கள். அங்கே படிக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருடைய எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.