பஸ்ஸுக்கு ஒண்ணு... வீட்டுக்கு ஒண்ணு!

கையில கொஞ்சம் காசு சேர்ந்துடுச்சு. பழைய இயர்போன்ல ஒரு பக்கம் மட்டும்தான் பாடுது. அடுத்து என்ன வாங்கலாம்னு ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டுப் பாருங்க... பத்துல ஒன்பது பேர் 'ஒயர்லெஸ், நாய்ஸ் கேன்சலிங்'னு அடிச்சுச் சொல்வாங்க. மீதி ஒருத்தர் மட்டும் மெதுவா, 'ஓபன் பேக் கேட்டிருக்கியா?'னு ஆரம்பிப்பார். அந்த ஒருத்தர் நான்தான்னு வெச்சுக்குங்களேன்!

முதல்ல அந்த ஒன்பது பேர் கட்சியையும் நியாயமாப் பார்த்துடுவோம். நீங்க பென்னாகரத்துல இருந்தோ அரூர்ல இருந்தோ தர்மபுரிக்குத் தினமும் பஸ்ல வந்து படிக்கிற ஆளா? இன்ஜின் சத்தம் உங்களுக்கே தெரியும். அதை ஜெயிக்கணும்னு வால்யூமை ஏத்துவீங்க. பாட்டு நல்லாத்தான் கேட்கும்... காதுதான் பாவம். 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், அதுவே 90 டெசிபல்னா 4 மணி நேரம்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. போக ஒரு மணி, வர ஒரு மணின்னு கணக்குப் போட்டா, செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அந்த வாரத்துக் கோட்டா காலி! உள்காதுல இருக்கிற நுண்ணிய செல்கள் ஒரு தடவை செத்துட்டா திரும்ப முளைக்காதுங்கறது இன்னொரு சோகம்.

அமர் போஸுக்கும் இதே பிரச்னைதான். பஸ்ல இல்ல, விமானத்துல. அப்பா வங்காளத்துல இருந்து அமெரிக்கா போன சுதந்திரப் போராட்டக்காரர். மகன் எம்.ஐ.டி. பேராசிரியர். 1978-ல ஜூரிச்சில் இருந்து பாஸ்டனுக்குப் பறக்கும்போது கொடுத்த ஹெட்போனில், இன்ஜின் இரைச்சலை மீறிப் பாட்டு சரியாக் கேட்கலை. உட்கார்ந்த இடத்திலேயே கணக்குப் போட ஆரம்பிச்சுட்டார். ஹெட்போனில் ஒரு குட்டி மைக், வெளிச்சத்தத்தைக் கேட்கும். அதுக்கு நேர் எதிரான அலையை உள்ளே அனுப்பும். ரெண்டும் மோதி அடங்கிடும். அவரோட கம்பெனி 2000-ல பொதுமக்களுக்கான மாடலைக் கொண்டுவந்துச்சு.

ஆனா ஒண்ணு. இந்த வித்தை 'கொர்ர்ர்'னு ஒரே சீரா வர்ற இன்ஜின் சத்தத்துக்குத்தான் நல்லா வேலை செய்யும். கண்டக்டர் அண்ணன் விசில், பின்சீட்டுக் கதை, பிரைவேட் பஸ்ல அதிரவிடுற பாட்டு... இதெல்லாம் குறையுமே தவிர போகாது. (பிரைவேட் பஸ்ல நீங்க ஹெட்போன் போடுறதே அந்த டிரைவரை அவமானப்படுத்துற மாதிரி!) இன்னொண்ணு, பைபாஸ்ல இறங்கி ரோட்டைக் கடக்கும்போது தயவுசெஞ்சு கழட்டிடுங்க. பெங்களூரு போற லாரி நீங்க எந்தச் சரணத்துல இருக்கீங்கன்னு பார்த்து வராது.

இப்ப என் கட்சி. ஓபன் பேக் ஹெட்போனுக்குப் பின்பக்கம் மூடி கிடையாது, வெறும் வலைதான். சென்ஹைசர் கம்பெனி 1968-ல எச்.டி. 414-னு ஒண்ணு விட்டப்பதான் இந்த வகை பிரபலமாச்சு. காத்து உள்ளே வெளியே போறதால, பாட்டு மண்டைக்குள்ள அடைஞ்சு கிடக்காம நம்மைச் சுத்திப் பரவின மாதிரி இருக்கும். இளையராஜா 1986-ல வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்'டை இதுல ஒரு தடவை கேளுங்க. வயலின் ஒரு இடம், கிடார் ஒரு இடம்னு தனித்தனியாப் பிரிஞ்சு நிற்கும். பேட்டரி இல்லாததால, அது செத்துப்போச்சேங்கற கவலையும் இல்ல. ஸ்பாஞ்ச் போனா ஸ்பாஞ்ச் மாத்திக்கலாம். கழட்டி மாட்டற ஒயர் இருக்கிற மாடலாப் பாருங்க, ஒயரையும் மாத்திக்கலாம். 300 ஓம்னு போட்டிருந்தா மட்டும் தள்ளி வைங்க, நம்ம போனுக்கு அதை இழுக்கத் தெம்பு பத்தாது. 32 ஓம் பக்கமாப் பாருங்க. போன்ல ஓட்டை இல்லையா? டைப்-சி கன்வர்ட்டர் ஒண்ணு சேர்த்து வாங்கணும்.

குறை? உள்ளே பாடுறது வெளியே கேட்கும், வெளியே நடக்கறது உள்ளே கேட்கும். பஸ்ல போட்டா சுத்தமா வேஸ்ட். ஹாஸ்டல்ல போட்டா ரூம்மேட் அடிப்பான். அதுக்கு அமைதியான இடம் வேணும்.

அந்த அமைதிதான் நம்மகிட்ட இருக்கே! ராத்திரி ஒன்பதரைக்கு மேல எங்க ஊர்ல பம்புசெட்டு மோட்டாரும் நிறுத்தியாச்சுன்னா சில்வண்டு மட்டும்தான். பெங்களூருல இருக்கறவங்க ஆயிரக்கணக்குல காசு கொடுத்து வாங்குற நிசப்தம் நமக்கு ஓசி. ஆனா எத்தனை நாளைக்கு? எனக்கு இது கடைசி வருஷம். வேலை கிடைச்சா ஓசூரோ சென்னையோ, நாலு பேர் இருக்கிற ரூம்தான். அங்க போய் ஓபன் பேக்கை எங்க மாட்டறது? நாய்ஸ் கேன்சலிங்கை அப்ப, சம்பளத்துல வாங்கிக்கலாம்.

அதனால மாம்பழ சீசன்ல கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்த்த காசை ஒயர் பக்கமே போட்டேன். பஸ்ல பாட்டே கேட்கறதில்ல, ஜன்னலோர சீட்டும் தூக்கமும் போதும். தினமும் பஸ்ல கேட்டே ஆகணும்னா நீங்க அந்த ஒன்பது பேர் சொல்றதையே கேளுங்க, தப்பே இல்ல.

ராத்திரி திண்ணையில கண்ணை மூடிக் கேட்டுட்டு இருந்தா, "சாப்பிட வாடா"ன்னு அம்மா கூப்பிடறது அப்படியே காதுல விழுது. பக்கத்துல படிச்சுட்டு இருக்கிற தங்கச்சிதான் சண்டைக்கு வர்றா... "அண்ணா, ஒண்ணு சத்தமா வை, இல்ல நிறுத்து. அரைகுறையாக் கேட்குது!"