நான்கு மில்லிமீட்டர் காந்தாரம்

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், தென்கிழக்கு மலைகளுக்கு நடுவே ஹஸர்ட் என்று ஒரு சிறிய ஊர் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களால் வளர்ந்து, அவை ஒவ்வொன்றாக மூடியதும் தளர்ந்துபோன ஊர். அங்கே மருத்துவராக இருக்கும் என் நண்பருக்கு எனக்கிருக்கும் வீணைப் பைத்தியம் தெரியும். 2022 ஜூலைக் கடைசியில் அந்த மலைப்பகுதியில் ராத்திரியோடு ராத்திரியாக வெள்ளம் வந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செய்தித்தாள்கள் அதை மறந்து வெகுநாள் கழித்து நண்பர் தொலைபேசியில் அழைத்தார். "ஹிண்ட்மன் பக்கத்துல ஒரு பெரியவர் டல்சிமர் பண்றார். வெள்ளத்துல பட்டறையே போயிடுச்சு. மறுபடி ஆரம்பிச்சிருக்கார். வாசிக்கவும் சொல்லித் தர்றார். சுருதித் தந்தி வச்ச வாத்தியம், நீ அவசியம் பார்க்கணும்" என்றார்.

ஹஸர்டிலிருந்து ஹிண்ட்மன் அரை மணி நேரக் கார்ப் பயணம். இரு பக்கமும் செங்குத்தான காடு, நடுவில் ஓடை, ஓடையை ஒட்டியே சாலை, சாலையை ஒட்டியே வீடுகள். இங்கே சமதளம் என்றால் அது ஓடைக்கரைதான். மனிதர்கள் குடியிருந்ததும் அங்கேதான், வெள்ளம் வந்ததும் அங்கேதான்.

மலை டல்சிமர் மடியில் வைத்து வாசிக்கும் வாத்தியம். உடுக்கை போல இடை சிறுத்த நீளமான பெட்டி, அதன் நடுவே தலை முதல் கால் வரை, வீணையின் மெட்டுகள் போலக் கம்பிகள் பதித்து ஓடும் ஒரு மெட்டுச் சட்டம், மேலே மூன்று தந்திகள். இதில் வாசிக்கும் பாட்டுகளில் பல ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் வந்தவை. அதனால் வாத்தியமும் அங்கிருந்துதான் வந்தது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து வம்சாவளியினர் வட அயர்லாந்திலிருந்து கப்பல் கப்பலாக வந்து இந்த மலைகளில் குடியேறினார்கள். பாட்டுகளை நெஞ்சில் கொண்டுவந்தார்கள். பென்சில்வேனியா வழியாக வந்த ஜெர்மானியக் குடும்பங்களிடம் ஷைட்ஹோல்ட் என்ற ஒடுக்கமான தந்திப் பெட்டி இருந்தது. இரு கூட்டமும் ஒரே பள்ளத்தாக்குகளில் கலந்து வாழ்ந்ததில் டல்சிமர் உருவானது. ஜெர்மானியப் பெட்டியில் கெல்டிக் பாட்டு. செய்தது அமெரிக்க மலைத் தச்சர்.

அந்தத் தச்சர்களில் முதலில் நினைக்கப்படுபவர் ஹிண்ட்மன் இருக்கும் நாட் கவுண்டியைச் சேர்ந்த ஜேம்ஸ் எட்வர்ட் தாமஸ். 1871 முதல் சுமார் 1500 டல்சிமர்கள் செய்தார். தள்ளுவண்டியில் அடுக்கி மலைப்பாதைகளில் கொண்டுபோய் விற்றார். அவரிடம் தொழில் கற்ற ஜெத்ரோ ஆம்பர்கி, 1902இல் தொடங்கிய ஹிண்ட்மன் செட்டில்மென்ட் பள்ளியில் மரவேலை ஆசிரியராக இருந்தார். இங்கிலாந்திலிருந்து செசில் ஷார்ப் 1917இல் இதே ஹிண்ட்மனுக்கு வந்து, அந்தப் பள்ளிப் பிள்ளைகள் பாடிய பழம்பாட்டுகளைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

பெரியவரின் அப்பா ஆம்பர்கியிடம் மரவேலை படித்தவர். பெரியவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இருபது வயதில் சுரங்கத்தில் இறங்கி, நுரையீரல் கெட்ட பிறகுதான் மேலே வந்திருக்கிறார். நாலு வார்த்தை பேசினால் ஒரு முறை நின்று மூச்சு வாங்குகிறார். "பகலெல்லாம் கரி, சாயங்காலம் மரம். அப்பா உயிரோட இருந்தவரைக்கும் அப்படித்தான்" என்றார். சுரங்கத்தை விட்ட பின் மரம் மட்டும் மிஞ்சியது. வெள்ளத்தன்று தண்ணீர் பட்டறைக்குள் மார்பளவு நின்றிருக்கிறது. இருபது வருடங்களாகக் காயவைத்திருந்த வால்நட் பலகைகள், ரம்பங்கள், பாதி முடிந்த வாத்தியங்கள் எல்லாம் போயின. சேற்றைத் தோண்டி அவர் முதலில் தேடி எடுத்தது, அப்பா செய்த ஓர் அளவுச் சட்டம்.

அதை என் கையில் கொடுத்தார். ஒரு முழத்துக்கும் கொஞ்சம் அதிக நீளம், இரண்டு விரல் அகலம். கறுத்த வால்நட் கட்டை. ஓரத்தில் பேனாக்கத்தியால் வெட்டிய கீற்றுகள். சில கீற்றுகளுக்குள் அந்தச் சேறு இன்னும் இருந்தது. ஒவ்வொரு கீற்றும் ஒரு மெட்டின் இடம். புதிய மெட்டுச் சட்டத்தின் பக்கத்தில் இதை வைத்து, கூரான ஊசியால் கோடு இழுத்து, மெல்லிய ரம்பத்தால் ஒரு கோட்டுக்கு ஏழெட்டு இழுப்பு. பிறகு உலோகக் கம்பியைப் பள்ளத்தில் வைத்துச் சின்னச் சுத்தியலால் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தட்டுகிறார். முதல் தட்டுகளில் ஓசை பொள்ளலாக இருக்கிறது. கம்பி முழுக்க உட்கார்ந்ததும் ஓசை இறுகுகிறது. அவர் கண்ணால் பார்ப்பதேயில்லை, அந்த ஓசையைத்தான் கேட்கிறார். பக்கப் பலகைகளை நனைத்துச் சூடான குழாயில் வளைப்பதையும், மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு மேற்பலகையை இழைப்பதையும் காட்டினார். நான் அந்த அளவுச் சட்டத்தை விட்டு நகரவில்லை.

காரணம், அதில் இருந்த மூன்றாவது ஸ்வரம். அவருடைய தந்தியின் நீளம் 27 அங்குலம். தொழிற்சாலை வாத்தியங்களில் காந்தார மெட்டு மேல்முனையிலிருந்து ஏறக்குறைய 5.57 அங்குலத்தில் இருக்கும். பியானோவுக்கும் கிடாருக்கும் ஒத்துப்போகும் சம இடைவெளிக் கணக்கு அது. அப்பாவின் கட்டையில் கீற்று 5.4 அங்குலத்தில், தந்தியின் சரியாக ஐந்தில் ஒரு பங்கில் இருக்கிறது. நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். அந்த இடத்தில் தந்தியை அழுத்தி, கீழே சுருதித் தந்திகளையும் சேர்த்து மீட்டினால், தம்புராவின் ஷட்ஜத்துக்குள் தானாகவே கேட்குமே ஒரு அந்தர காந்தாரம், அதே காந்தாரம் அசையாமல் நிற்கிறது. தொழிற்சாலை வாத்தியத்தில் அதே இடத்தில் லேசான நடுக்கம் இருக்கும். பெரியவர் கணக்குப் படித்தவர் இல்லை. அப்பாவும் படித்தவர் இல்லை. "அப்பா காதாலதான் வெட்டினார். கிடாரோட சேர்ந்து வாசிக்கறவங்களுக்கு வேற கட்டை வச்சிருக்கேன். தனியா வாசிக்கறவங்களுக்கு இதுதான்" என்றார்.

மறுநாள் வாசிக்கக் கற்றேன். சொல்லித் தந்தது அவரிடம் வேலை பழகும் ஓர் இளம்பெண். வலிமாத்திரைப் பழக்கத்தில் சிக்கி மீண்டவர் என்று அவரே சொன்னார். இந்த மலைகளில் அந்த மாத்திரை தொடாத குடும்பம் குறைவு. ஹிண்ட்மனில் 2019இல் தொடங்கிய ட்ரபிள்சம் க்ரீக் தந்தி வாத்தியக் கம்பெனி, இப்படி மீண்டு வருகிறவர்களுக்கு வாத்தியம் செய்யும் வேலை கொடுப்பதற்காகவே உருவானது. வெள்ளம் அதையும் விடவில்லை.

இடது கையில் விரல் நீளக் குச்சி ஒன்றைக் கொடுத்தார். நோட்டர் என்பார்கள். அதை முதல் தந்தியின் மேல் வைத்து அழுத்தி நகர்த்தினால் பாட்டு. மற்ற இரண்டு தந்திகளைத் தொடவே வேண்டாம், அவை எப்போதும் சுருதி. வலது கையில் வாத்தின் இறகுத்தண்டு. குச்சி ஒரு மெட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும்போது எழும் ஜாரு, மலைக்காரர்கள் பாடும்போது குரல் வளைவதோடு ஒட்டிப் போகிறது. ஸ்வரங்கள் பன்னிரண்டும் இதில் இல்லை. டி-ஏ-டி என்று சுருதி கூட்டினால் திறந்த தந்தியிலிருந்து வருவது அப்பட்டமான ஹரிகாம்போஜி. ஆறாவது மெட்டுக்கு மேல் இப்போது கூடுதலாக வைக்கும் ஒரு மெட்டால் காகலி நிஷாதம் கிடைத்துச் சங்கராபரணமும் வருகிறது. பழைய காலத்தவர்களுக்கு அந்த மெட்டு தேவைப்படவில்லை. பாட்டுத் தந்தியை மட்டும் ஏற்றி இறக்கி ஷட்ஜத்தை வேறு மெட்டுக்கு மாற்றிக்கொண்டார்கள். நான்காவது மெட்டு ஷட்ஜமானால் கரகரப்ரியா, முதல் மெட்டு ஷட்ஜமானால் நடபைரவி. கிரக பேதம் என்று நாம் ஏட்டில் படிப்பதை இந்த மலைக்காரர்கள் பிருடையைத் திருகியே செய்திருக்கிறார்கள்.

கெல்டிக் பாட்டுகளில் முதலில் கிடைத்தது, கண் பார்வையற்ற அயர்லாந்து யாழ்க் கலைஞர் டர்லோ ஓ'கரோலனின் 'ஷீ பெக் ஷீ மோர்'. பதினெட்டு வயதில் அம்மையில் பார்வை இழந்து, 1738இல் இறக்கும்வரை குதிரையில் ஊர் ஊராகப் போய் வாசித்தவர் அவர். மூன்று மூன்றாக நிதானமாக நடக்கும் பாட்டு. நோட்டருக்கு வசதி. ஜிக் என்ற வேக நடைப் பாட்டுகள்தான் சிரமம். ஆறு எண்ணிக்கையை மூன்று மூன்றாக அடிக்க வேண்டும், ஒவ்வொரு மூன்றின் தொடக்கமும் வெளிப்பக்க வீச்சாக வர வேண்டும். அந்தப் பெண் பேசாமல் தன் முழங்காலில் தட்டிக்கொண்டே இருந்தார். வலக்கை அந்தத் தட்டலில் விழுந்த பிறகுதான் இடக்கையைச் சேர்க்கவிட்டார். அயர்லாந்துக்காரர்கள் ஒரு ஸ்வரத்தின் தலையில் இன்னொன்றைக் கிள்ளி வைக்கும் அலங்காரங்களுக்குக் குச்சி உதவாது. குச்சியைக் கீழே வைத்துவிட்டு விரலால் தந்தியைத் தட்ட வேண்டும்.

பாடத்தின் இடையில் அவர் வேகமான ஒரு பாட்டை வாசித்தார். இரண்டாவது வரியில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது 'வந்தே மீனாக்ஷி'! முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்தியம். அந்தப் பெண் அதை 'ரேக்ஸ் ஆஃப் மாலோ' என்றார். மாலோ, அயர்லாந்தின் கார்க் கவுண்டியில் இருக்கும் ஊர். கும்பெனிப் பட்டாளத்தின் பாண்டு வாத்தியங்கள் அந்தப் பாட்டைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தன. தீட்சிதர் அதற்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதி மதுரை மீனாட்சியைப் பாடினார். அதே பாட்டு மேற்கே கப்பலேறி இந்த மலைக்கு வந்திருக்கிறது. நான் சாகித்தியத்தைப் பாட, அவர் டல்சிமரில் வாசித்தார். பெரியவர் இழைப்புளியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "இன்னொரு தடவை" என்றார்.

பாட்டுகளின் இந்தப் பயணத்தைத் தேடிப் போனவர் ஒருவர் உண்டு. ஹஸர்டுக்குப் பக்கத்து ஊரான வைப்பரில் 1922இல் பிறந்த ஜீன் ரிச்சி, பதினான்கு பிள்ளைகளில் கடைசி. அப்பா தொடக்கூடாது என்று வைத்திருந்த டல்சிமரைத் திருட்டுத்தனமாக எடுத்து வாசிக்கக் கற்றவர். 1952இல் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து போய், தன் வீட்டுப் பாட்டுகளின் வேர்களைத் தேடிப் பதிவு செய்தார். இந்த வாத்தியத்தை உலகம் அறிந்தது பெரும்பாலும் அவரால். நிலக்கரி இந்த மலையை என்ன செய்தது என்றும் அவர் பாட்டு கட்டினார். அதைச் சொல்லாமல் டல்சிமரின் விலையைப் பற்றிப் பேச முடியாது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தரகர்கள் இங்கே வீடு வீடாக வந்து, எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்களிடம் ஏக்கருக்கு அரை டாலரும் ஒரு டாலரும் கொடுத்து, மண்ணுக்கடியில் உள்ளதையெல்லாம் எழுதி வாங்கினார்கள். அந்தப் பத்திரங்களைக் காட்டி, பேரன்மாரின் காலத்தில் மலையையே மேலிருந்து வெட்டி எடுத்தார்கள். சொந்தக்காரன் வாசலில் நின்று பார்க்கத்தான் முடிந்தது. 1988இல் மக்கள் வாக்களித்து மாநில அரசியல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அதற்கு ஒரு தடை வந்தது.

இப்போது அதே கதை வாத்தியத்தில் நடக்கிறது. ஒரு டல்சிமர் செய்யப் பெரியவருக்கு முப்பது மணி நேரத்துக்கு மேல் உழைப்பு. விலை சில நூறு டாலர். பரிசுப்பொருள் கடையில் வைத்து விற்றால், விற்ற பணத்தில் ஏறக்குறையப் பாதி கடைக்காரருக்கு. மரம், கம்பி, பசை, மின்சாரம் போக மிஞ்சுவது, அந்த ஊரில் ஹாம்பர்கர் கடையில் நிற்கும் பையனின் மணிக்கூலியைவிடக் குறைவு. வாத்தியம் விற்காமல் ஒரு வருடம் தூசி படிந்தால் நஷ்டம் கடைக்கு இல்லை, செய்தவருக்கு. இன்னொரு பக்கம், கடல் கடந்த தொழிற்சாலைகளில் ஒட்டுப்பலகையில் செய்து, இந்த மலையின் பெயரையே ஒட்டி, நூறு டாலருக்கும் கீழே இணையத்தில் விற்கிறார்கள். வாங்குகிறவருக்கு மலையின் பெயர் கிடைக்கிறது, மலைக்குக் காசு கிடைப்பதில்லை. கரி எடுத்தவர்களாவது மலைக்கு வந்து எடுத்தார்கள். இவர்கள் வராமலே எடுக்கிறார்கள். கென்டக்கி அரசு 2001இல் டல்சிமரை மாநிலத்தின் அதிகாரபூர்வ வாத்தியமாக அறிவித்தது. அந்த அறிவிப்பு செய்பவருக்குக் கூலியாக மாறவில்லை. பாரம்பரியம் என்று மேடையில் பேசுவதற்கு முன், அந்தப் பாரம்பரியத்தைச் செய்கிற கைக்கு மணிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குக் கூச்சமில்லாமல் பதில் சொல்ல முடிகிற நாட்டில்தான் கைத்தொழில் வாழும்.

ஓஹாயோவிலும் டென்னசியிலும் வட கரோலினாவிலும் ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குப் பாட்டும் வீணையும் வயலினும் சொல்லிக்கொடுக்கிறவர்கள். அவர்களுக்கு இந்த மலைகள் ஒரு நாள் கார்ப் பயணம். டல்சிமர் வாங்குவதானால் இணையத்தில் வாங்காதீர்கள், செய்பவரின் பட்டறைக்கே போய் முழு விலையையும் அவர் கையில் கொடுங்கள். "சுருதியோடு மட்டும் வாசிக்கப் போகிறேன், அதற்கேற்ற மெட்டு வையுங்கள்" என்று கேளுங்கள். காதால் மெட்டு வைக்கத் தெரிந்த தச்சர்கள் இன்னும் சிலராவது இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பாராட்டு இல்லை, ஆர்டர்.