எந்தச் சிவகிரி?

"கேள்வியை முழுவதும் படித்த பிறகே பதில் எழுது" என்று இருபது வருஷமாக வகுப்பில் உபதேசம் செய்து வருகிறவன் நான். ஆனால், சிநேகிதருடைய பெண்ணின் கல்யாணப் பத்திரிகையில் "சிவகிரி" என்று கண்டதுமே பிரயாணத்துக்குப் புறப்பட்டுவிட்டேன்!

ராஜபாளையத்தைத் தாண்டி, தென்காசிச் சாலையில் விடியற்காலையில் இறங்கினேன். மேற்கே மலைத்தொடர் நீலச் சுவர் போல் நின்றது. சிறு குன்றின்மேல் பாலசுப்பிரமணிய சுவாமி கோயில். 1948-ஆம் வருஷச் சட்டம் வரும் வரையில் ஜமீனாக விளங்கிய ஊர். எல்லாம் இருந்தன, கல்யாணப் பந்தல் ஒன்றுதான் இல்லை!

தேநீர்க் கடைப் பெரியவர் ஒருவர் பத்திரிகையை வாங்கிக் கடைசி வரி வரையில் படித்தார். "ஐயா, இது ஈரோடு ஜில்லாச் சிவகிரி; கொடுமுடிப் பக்கம். இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். கேரளத்து வர்க்கலையிலும் ஒரு சிவகிரி உண்டு. 1928-ல் நாராயண குரு சமாதியடைந்த இடம். அங்கே போகாமல் இங்கே வந்தீர்களே, அந்த மட்டும் சமர்த்துத்தான்!" என்றார்.

முகூர்த்தத்துக்கு இரண்டு மணி நேரமே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அகரம் சொல்லிக் கொடுத்த குழந்தைக்கு அட்சதை போடக் கொடுத்து வைக்கவில்லையே!

பெரியவர் சிரிப்பை நிறுத்தினார். "கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் பசியோடு திரும்பலாமா?" என்று வீட்டுக்கு அழைத்துச் சென்று இலை போட்டார். என் பெயரைக் கூட அவர் கேட்கவில்லை.

மறுநாள் வகுப்பில் பழைய உபதேசத்துக்கு வாயெடுத்தேன், நா எழவில்லை. என் கதையையே சொன்னேன். இருபது வருஷத்தில் அன்றைக்குத்தான் பிள்ளைகள் அந்தப் பாடத்தைக் கவனித்துக் கேட்டார்கள்!