வாப்பாவின் கணக்கு

வாப்பா மௌத்தாகி மூன்றாம் வாரம். பக்கத்து இறப்பர் தோட்டத்து லயத்திலிருந்து ஓர் அம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். பால் வெட்டிய சம்பளத்தில் மாதாமாதம் கொஞ்சம் காசை வாப்பாவிடம் கொடுத்து வைத்திருந்தாராம். மகளின் கல்யாணம் நெருங்கிவிட்டது. எவ்வளவு என்று கேட்டேன்.

"கணக்கு எனக்குத் தெரியாதுங்க. மாஸ்டர் கம்பியூட்டர்ல எழுதி வச்சிருக்காருங்க" என்றார்.

ருவான்வெல்லையில் வாப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வங்கிப் படியேறத் தயங்கிய சிலர் அவரிடம் காசு கொடுத்து வைப்பது எங்களுக்குத் தெரியும். அலுமாரியில் காசு இருந்தது. யாருக்கு எவ்வளவு என்ற விபரம்தான் இல்லை. அமானிதத்தைத் திருப்பிக் கொடுத்து, கடனைத் தீர்த்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு. எனவே எங்கள் வீட்டுப் பங்கீடே அந்தப் பழைய கணினிக்குள் சிக்கிக் கிடந்தது.

2007ஆம் ஆண்டு வாங்கிய பெட்டி அது. ஆளியை அழுத்தினால் பச்சை விளக்கு எரியும், விசிறி சுழலும், திரை மட்டும் கறுப்பாகவே நிற்கும். வாப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த ஒக்டோபர் மாதத்தில் பின்னேரம்தோறும் இடியும் மின்னலும். பிளக்கைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை. திருத்தும் கடையொன்றுக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறக்காமலே, "மதர்போர்ட் போயிட்டுது, வேற ஒண்டு வாங்குங்க" என்றார்கள்.

அன்றிரவு தாத்தாவின் மகன் வந்தான். கணினி படித்த பிள்ளை.

"மாமா, வெளக்கு எரியிறது ஒரு வேல, எழும்புறது இன்னொரு வேல. எங்க போய் நிக்குதுன்டு முதல்ல பாப்பம்."

அவன் விளக்கியது இன்றும் மனதில் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் கணினி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். செயலி, நினைவகம், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் வன்தட்டைத் தேடிப்போய் விண்டோஸை எழுப்பும். எங்கள் திரையில் ஓர் எழுத்துக்கூட வரவில்லை. அப்படியானால் அது வன்தட்டுவரை போகவே இல்லை. கோளாறு அதற்கு முன்னாலேயே இருக்கிறது, கணக்கு பத்திரமாக இருக்கக்கூடும். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

முதலில் திரையின் வயரைக் கழற்றினான். 'சிக்னல் இல்லை' என்று திரை தானே காட்டியது. எனவே திரையில் பழுதில்லை. பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னைப் போக்கிவிட்டு மூடியைத் திறந்தான். உள்ளே ஈரம் ஊறிய தூசியும் இரண்டு பல்லி முட்டையும். நினைவகப் பட்டை இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு ஆளியைப் போட்டான்.

பெட்டி நீளமாகக் கத்தியது. விட்டுவிட்டு மறுபடியும் கத்தியது.

"நினைவகம் இல்லன்டு கத்துது மாமா. கத்துறதுக்கு போர்ட்டுக்கு உயிர் இரிக்கோணுமே!" என்று சிரித்தான்.

அழிறப்பர் கேட்டான். வாப்பாவின் மேசையிலேயே ஒன்று கிடந்தது. பென்சில் எழுத்தை அழிக்க உதவுகிறதென்று 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி குறித்துவைத்தார். அப்படித் தேய்த்து அழிப்பதால்தான் ஆங்கிலத்தில் இறப்பருக்கு அந்தப் பெயரே வந்தது. 1876இல் ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகளிலிருந்துதான் இந்த நாட்டில் இறப்பர் பரவியது. எங்களைச் சுற்றிலும் அந்த மரம்தான். அதன் பெயர் கொண்ட சிறு துண்டால் பட்டைகளின் பொன்னிற விளிம்பை மெதுவாகத் துடைத்தான். ஒன்றைப் பொருத்தினான். கறுப்பு. அதைக் கழற்றி மற்றதைப் பொருத்தினான். திரையில் எழுத்துகள் ஓடின. ஒரு பட்டைதான் பழுது.

இன்னொரு தடையும் இருந்தது. திகதி பல வருடம் பின்னால் போயிருந்தது. உள்ளே இருந்த நாணயம் போன்ற 3 வோல்ற் பற்றரி தீர்ந்துவிட்டது. சீஆர் 2032 என்று எழுதியிருந்தது. மறுநாள் கடைத்தெருவில் வாங்கி மாற்றினோம். விண்டோஸ் எக்ஸ்பி எழும்பியது. அதன் பராமரிப்பு 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டதால் அவன் இணையத்தில் இணைக்கவிடவில்லை. வேறெதையும் தொடுமுன் இரண்டு பென்டிரைவில் பிரதி எடுத்தான்.

அவனுடைய மடிக்கணினியில் திறந்தால் பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்தன. வாப்பா பாமினியில் தட்டச்சு செய்தவர். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் இல்லை. பழைய பெட்டியிலிருந்து பாமினியையும் எடுத்து வந்து போட்டதும் பெயர்கள் எழுந்து நின்றன. பிறகு யுனிகோடுக்கு மாற்றிக் கொண்டோம். உங்கள் வீட்டிலும் பாமினிக் கோப்புகள் இருக்கும். பெட்டி எழும்பும்போதே மாற்றி வையுங்கள்.

பட்டியலில் ஆறு பேர். கடைசியில் எங்களுக்குத் தெரியாத ஒரு வரி: புத்தகக் கடைக்குக் கொடுக்க வேண்டியது 2,150 ரூபாய். அன்றே கொடுத்தேன்.

அந்த அம்மாவின் பெயருக்கு நேரே 38,500 ரூபாய் இருந்தது. காசைக் கையில் கொடுத்து எண்ணிப் பார்க்கச் சொன்னேன்.

"மாஸ்டர் எழுதினா சரியாத்தாங்க இருக்கும்" என்று எண்ணாமலே முந்தானையில் முடிந்துகொண்டார்.