லெவல் சரியாகத்தான் இருந்தது

எனக்கு மாத்திரை கிடைக்காமல் போனதில்லை. வாங்கப் பணமில்லாமலும் போனதில்லை. அக்கா கொடுத்த சிறுநீரகத்தைக் காக்கும் டேக்ரோலிமஸைத் தெரிந்தேதான் விட்டுவிட்டுப் போட்டேன். அதை டாக்டரிடம் மறைத்தேன். மறைப்பதற்கு நான் படித்த வேதியியலே கைகொடுத்தது.

கல்லூரியில் இந்த மருந்துகளின் கதையைப் பாடமாகவே சொல்வேன். 1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே குழுவினர் செய்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கருவில் உருவான இரட்டையர் என்பதுதான். ஒருவரின் உறுப்பை மற்றவரின் உடல் அந்நியமாகக் கருதவில்லை. மற்றவர்களுக்கோ உடலின் எதிர்ப்பை அடக்கியாக வேண்டும். முதலில் அசதியோபிரினும் ஸ்டீராய்டும் வந்தன. பிறகு நார்வே மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து சைக்ளோஸ்போரின் வந்தது. 1984இல் ஜப்பானின் சுகுபா பகுதி மண்ணிலிருந்த பாக்டீரியாவில் டேக்ரோலிமஸைக் கண்டார்கள். உடலின் எதிர்ப்பை நடத்தும் டி செல்லுக்குள் கால்சிநியூரின் என்ற நொதியை அது முடக்கும். இன்டர்லூக்கின்-2 உற்பத்தி குறையும், டி செல்கள் பெருகாது. இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கிய அதே ஆள்தான், ராத்திரி மாத்திரையை டப்பாவிலேயே விட்டுவிட்டுப் படுத்தான்.

காரணம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மருந்தால் விரல்கள் நடுங்கின. சாக்பீஸ் பிடித்துக் கோடு போட்டால் நெளிந்தது. சர்க்கரையும் ஏறியது. இரண்டும் இந்த மருந்தின் தெரிந்த பக்கவிளைவுகள்தான். ஆனாலும் பிள்ளைகள் என் கையையே பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வேளை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு வேளை விட்டேன். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அப்படியே இருந்தது. இதை ஆதாரம் என்று ஒரு மாணவன் எழுதிக் கொண்டுவந்திருந்தால் நோட்டை முகத்தில் அடிக்காத குறையாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். உறுப்பைத் தாக்கும் ஆன்டிபாடி ஓசையில்லாமல் உருவாகும், கிரியேட்டினின் கடைசியில்தான் ஏறும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

ரத்தத்தில் மருந்தின் லெவல் பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போக வேண்டும். முந்தைய வேளை போட்டது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அந்தச் சோதனை சொல்லும். கடைசிச் சில நாட்களைத் தாண்டி அந்தச் சோதனைக்கு ஞாபகம் கிடையாது. ஆகவே சோதனை நெருங்கும்போது மட்டும் மணி தவறாமல் போட்டேன். ஒரே நோயாளியின் லெவல் சோதனைக்குச் சோதனை ஏறி இறங்கினால் உறுப்புக்கு ஆபத்து அதிகம் என்று காட்டும் ஆய்வுகளையும் படித்திருந்தேன். நோயாளியைக் காக்க எழுதியதை, பிடிபடாமல் இருக்கும் வழியாகப் படித்தேன். என் லெவல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

கடைசியில் கிரியேட்டினின் ஏறியது. பயாப்சியில் ரிஜெக்‌ஷன் என்று வந்தது. அக்காவின் திசுவுக்கு எதிரான ஆன்டிபாடி ரத்தத்தில் இருந்தது. “லெவல் எல்லாம் சரியாத்தானே சார் இருக்கு?” என்று டாக்டர் குழம்பினார். டிபி மாத்திரை, நாட்டு மருந்து, பம்பளிமாஸ் என்று லெவலைக் குலைக்கக்கூடியவற்றை வரிசையாகக் கேட்டார். “மாத்திரை விடறதே இல்லை டாக்டர்” என்றேன். அவர் என் வார்த்தையை நம்பி அளவைக் கூட்டினார். அளவு மிஞ்சினால் இந்த மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும். என் பொய்யை வைத்து அவரை அந்த முடிவுக்குத் தள்ளினேன்.

இதைவிடக் கேவலமாக நடந்துகொண்டது அக்காவிடம். “வயசான கிட்னியக் கொடுத்துட்டேனோ தம்பி?” என்று கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், பின்னே ஏன் என்று கேட்பாள். பேசாமல் இருந்தேன். பழியை அவள் சுமக்கட்டும் என்று விட்டதுதான் அந்த மௌனம்.

பல வாரங்கள் கழித்துத்தான் இருவரிடமும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. ஏன் விட்டீர்கள் என்று மட்டும் கேட்டார். நடுக்கத்தைச் சொன்னேன். ஒரு நாளைக்கு ஒருவேளை போடும் வகைக்கு மாற்றினார். அக்காதான் விடவில்லை. “கை நடுங்குதுன்னு முதல்லயே சொல்லியிருந்தா அவரே ஏதாவது பண்ணியிருப்பாரேடா!”

அவள் சொன்னது அறிவியல்படியும் சரி. 1,645 பேரிடம் நடத்தி 2007இல் வெளியான சிம்பொனி ஆய்வில், வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்த குறைந்த அளவு டேக்ரோலிமஸ்தான் ரிஜெக்‌ஷனைத் தடுப்பதிலும் சிறுநீரகத்தைக் காப்பதிலும் முன்னால் நின்றது. அளவைக் குறைக்க முடியுமா என்று டாக்டரிடம் நான் கேட்டிருக்கலாம். கேட்காமல் நானே குறைத்துக்கொண்டேன், அதுவும் கணக்கில்லாமல். உருவான ஆன்டிபாடியை எளிதில் துடைத்தெடுக்க முடியாது. அக்காவின் சிறுநீரகம் இன்னும் வேலை செய்கிறது. ஆனால் அவள் கொடுத்தபோது செய்த அளவுக்கு இல்லை. அந்தக் குறை அவள் கொடுத்ததில் இல்லை, நான் செய்தது.